இன்ட்ரின்சிக் ஃபேக்டரும் பி12 குறைபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி12 வைட்டமின் குறைவு என்று லேப் ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பத்து நாள் சிவப்பு ஊசி, ஒரு மாதம் மாத்திரை, அப்புறம் மறதி. ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்துப் பாதம் மறுபடி மதமதக்கத் தொடங்கும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார்கள், ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ‘ஏன்’ பல பேருக்குச் சாப்பாட்டில் இருக்கிறது. சிலருக்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தில் இருக்கிறது. மூன்று மாத மாத்திரையா, ஆயுசுக்கும் ஊசியா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும்.

இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்பது என்ன?

இரைப்பையின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள பரைட்டல் செல்கள் சுரக்கும் புரதம். இதே செல்கள்தான் இரைப்பை அமிலத்தையும் சுரக்கின்றன. பி12 வைட்டமினைப் பிடித்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றே இந்தப் புரதத்தின் வேலை. ஒரு புரத மூலக்கூறு ஒரு பி12 மூலக்கூறை ஏற்றிச் செல்லும். ஆரோக்கியமான இரைப்பை தேவையைவிடப் பல மடங்கு சுரக்கிறது. அதனால்தான் இரைப்பைச் சுவர் கணிசமாகப் பழுதான பிறகே குறைபாடு வெளியே தெரிகிறது.

தமிழில் உள்காரணி, அகக் காரணி என்று எழுதுகிறார்கள். மருத்துவமனையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. ரிப்போர்ட்டிலும் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி’ (அதைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம்) என்றுதான் இருக்கும். இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

ஏன் இந்த விநோதப் பெயர்?

1920களில் பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகை வந்தால் சாவு நிச்சயம். ‘பெர்னீஷியஸ்’ என்றாலே கொல்லக்கூடியது என்று பொருள். 1926இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்ஃபி இருவரும் 45 நோயாளிகளுக்கு நிறைய ஈரலைச் சாப்பிடக் கொடுத்துத் தேற்றிக் காட்டினார்கள். ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து 1934இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நல்ல உடம்புக்காரர் யாரும் தினமும் ஈரல் தின்பதில்லையே, அவர்களுக்கு ஏன் இந்த நோய் வருவதில்லை?

அதே பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர் இதைச் சோதித்தார். நோயாளிகளுக்கு வெறும் மாட்டிறைச்சி கொடுத்தார், பலனில்லை. பிறகு ஆரோக்கியமான ஒருவர் 300 கிராம் இறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை இரைப்பையிலிருந்து வெளியே எடுத்தார். அதைச் சில மணி நேரம் உடல் சூட்டில் வைத்துக் கரைத்து, குழாய் வழியாக நோயாளிக்குச் செலுத்தினார்கள். சில நாட்களில் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் ஏறின. இறைச்சியில் இருப்பது வெளிக்காரணி, நல்ல இரைப்பையில் இருப்பது உள்காரணி, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்று காசில் 1929இல் எழுதினார். வெளிக்காரணி என்பது பி12தான் என்று பின்னால் தெரிந்தது. அதை 1948இல் பிரித்தெடுத்தார்கள். உள்காரணிக்கு மட்டும் அவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

தட்டில் இருக்கும் பி12 ரத்தத்துக்கு எப்படிப் போகிறது?

உணவில் பி12 தனியாக இருப்பதில்லை, புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பை அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அதைப் பிரித்துவிடும். பிரிந்ததும் அது இன்ட்ரின்சிக் ஃபேக்டரிடம் போவதில்லை. எச்சிலோடு வந்த ஹாப்டோகோரின் என்ற வேறொரு புரதம் முதலில் பிடித்துக்கொள்கிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் கணைய நொதிகள் ஹாப்டோகோரினைச் செரித்த பிறகுதான் பி12 இன்ட்ரின்சிக் ஃபேக்டரிடம் கைமாறுகிறது. இந்த ஜோடி பல மீட்டர் பயணம் செய்து, இலியம் எனப்படும் சிறுகுடலின் பின்பாதியில் கடைசிப் பகுதிக்கு வருகிறது. அங்கே இந்த ஜோடிக்கென்றே உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதற்குக் கால்சியம் வேண்டும். குடல் செல்லுக்குள் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் சிதைந்துபோகும். பி12 மட்டும் டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதத்தில் ஏறி ரத்தத்துக்குப் போகும்.

இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ரத்தத்தில் பி12 குறையும். அமிலம் குறைந்த முதியவர், கணையம் பழுதானவர், இரைப்பையை வெட்டி எடுத்தவர், எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர், இலியத்தில் காசநோய் வந்து அந்தப் பகுதியை நீக்கியவர் என எல்லோருக்கும் ரிப்போர்ட்டில் ஒரே எண் வரலாம். வைத்தியம் ஒன்றாக இருக்காது.

இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். இந்தப் பாதை ஒரு வேளைக்கு சுமார் 1.5 முதல் 2 மைக்ரோகிராம் மட்டுமே கடத்தும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும், இன்ட்ரின்சிக் ஃபேக்டரின் துணையில்லாமல் சுமார் 1 சதவீதம்தான் கசிந்து உள்ளே போகும். கீழே மாத்திரை அளவு பற்றிச் சொல்லும்போது இந்த 1 சதவீதம் மறுபடி வரும்.

வாரம் மூன்று நாள் கறி, மீன் சாப்பிடுகிறேன். எனக்கு எப்படி பி12 குறையும்?

இன்ட்ரின்சிக் ஃபேக்டரைச் சந்தேகிக்க வேண்டியது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். மத்தி மீன் 100 கிராமில் 8 மைக்ரோகிராமுக்கு மேல் பி12 உண்டு. ஆட்டிறைச்சியில் 2 அளவில். ஆட்டு ஈரலில் 50ஐத் தாண்டும். கோழிக்கறியில் 0.3 தான், பிராய்லர் கோழி மட்டுமே தின்பவர் தன்னை அசைவர் என்று சொல்லிக்கொண்டாலும் பி12 கணக்கில் பாதிச் சைவம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம்.

மீனும் ஆட்டிறைச்சியும் ஒழுங்காகச் சாப்பிட்டும் குறைந்தால், கோளாறு சாப்பாட்டில் இல்லை, உறிஞ்சுவதில் இருக்கிறது. தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி முக்கியக் காரணம். உடம்பின் எதிர்ப்பு சக்தி பரைட்டல் செல்களையும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. தைராய்டு கோளாறு, வெண்புள்ளி, டைப் 1 நீரிழிவு உள்ளவர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

நாங்கள் சைவம். பால், தயிர் போதாதா?

அளந்து சேர்த்தால் போதும். யாரும் அளப்பதில்லை. பசும்பால் 100 மில்லியில் சுமார் 0.45 மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் டம்ளர் காபி; இரண்டிலும் சேர்த்துப் பால் 150 மில்லி, அதில் 0.7. மதியம் மோர் சாதத்துக்கு ஒரு கரண்டித் தயிர், 50 கிராம், 0.2. ஆக மொத்தம் 0.9. தேவையில் பாதிகூட இல்லை. தண்ணீர் கலந்த பாலென்றால் இன்னும் கீழே. ‘பால் தினமும் எடுக்கிறோமே’ என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை.

நாளுக்கு அரை லிட்டர் பாலோ அதற்குச் சமமான தயிரோ போனால் ஏறக்குறைய சரியாகும். முட்டை சேர்ப்பவருக்கு ஒன்றுக்கு அரை மைக்ரோகிராம். பாலும் தொடாத முழுத் தாவர உணவுக்காரருக்கு மாத்திரை தவிர வழியில்லை. சாப்பாட்டுக் குறைவால் வந்தது என்றால் நல்ல செய்தி: இன்ட்ரின்சிக் ஃபேக்டர் நன்றாக இருக்கிறது, சிறிய மாத்திரையே வேலை செய்யும்.

பழைய சோறு, இட்லி மாவு, ஸ்பைருலினா இவற்றில் பி12 உண்டு என்கிறார்களே?

பழைய சோற்றுக்குப் பல நல்ல குணங்கள் உண்டு, பி12 அதில் சேராது. பி12 உண்டாக்குவது குறிப்பிட்ட சில பாக்டீரியாக்கள். புளிக்கும் சோற்றிலும் மாவிலும் முக்கியமாகப் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களை நம்பி ஒரு நாள் தேவையை ஓட்ட முடியாது. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பார்க்க அசல் மாதிரியே இருக்கும், மனித உடம்பில் வேலை செய்யாது. பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெருங்குடல் பாக்டீரியாக்கள் நிறையவே பி12 தயாரிக்கின்றன. ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு மேலே, இலியத்தில். ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு டிக்கெட் எடுத்த கதை. சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் பி12 தயாரிக்கும் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1980இல் கண்டறிந்தார்கள். பாலும் முட்டையும் குறைவாகச் சாப்பிடும் நம் ஊர்க்காரர் சிலர் வருடக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அதை நம்பி மாத்திரையை விடுவது சரியல்ல.

கேஸ் மாத்திரையும் சுகர் மாத்திரையும் பி12ஐக் குறைக்குமா?

இரண்டும் குறைக்கும், வேறுவேறு இடத்தில். ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால், உணவுப் புரதத்திலிருந்து பி12 பிரிவது தடைபடும். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் சுரப்பு பெரிதாகக் கெடாது. ஆகவே இவர்களுக்கு மீனில் உள்ள பி12 சரியாகச் சேராது, மாத்திரையில் உள்ள பி12 சேரும், ஏனென்றால் அது ஏற்கெனவே தனியாக இருக்கிறது. ஒரு வாரம் போடுபவருக்குக் கவலையில்லை. டாக்டர் எழுதிய இரண்டு வாரச் சீட்டை இரண்டு வருடம் மருந்துக்கடையில் நீட்டிக்கொண்டிருப்பவருக்கே சிக்கல்.

சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் இலியத்தில், கால்சியம் தேவைப்படும் அந்தக் கடைசிக் கட்டத்தில் இடைஞ்சல் செய்கிறது. நாளுக்கு 2 கிராம் அளவில் பல வருடம் எடுப்பவருக்கு வாய்ப்பு கூடுதல். பாதம் மரத்துப்போனால் ‘சுகரால் வந்த நரம்புத் தளர்ச்சி’ என்று முடித்துவிடுவது எளிது. அது பி12 குறைவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அறிகுறி உள்ளவர்களுக்கு பி12 பார்க்கச் சொல்லி 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இதற்காக மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை, பி12 சேர்த்துக்கொண்டால் போதும்.

என்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

படி ஏறினால் மூச்சு வாங்குவது, வெளிறிய முகம், நாக்கு வழவழத்து எரிவது, இவையெல்லாம் தெரிந்தவை. கவனிக்காமல் விடுபவற்றைச் சொல்கிறோம்.

நம் நிறத்தவருக்கு முக்கியமான ஒன்று கைவிரல் முட்டிகள் கறுப்பது. உள்ளங்கை ரேகைகளும் கால்விரல் முட்டிகளும்கூடக் கறுக்கும். இதை பி12 குறைவின் அடையாளமாக வேலூர் மருத்துவர்கள் 1963இலேயே எழுதிவைத்தார்கள். வெயில், வயது, சோப்பு என்று காரணம் சொல்லிக் கடந்துபோகிறோம். வைத்தியம் ஆரம்பித்துச் சில மாதங்களில் இது மங்கும்.

அடுத்தது நரம்பு. இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போல் இருப்பது. ஒரு காலில் மட்டும் என்றால் முதுகெலும்பைப் பாருங்கள். தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு மங்கும். பகலில் கண் பார்த்துச் சமாளிக்கும். காலையில் வாஷ்பேசின் முன் குனிந்து, சோப்பு போட்ட முகத்தோடு கண்ணை மூடும்போது உடம்பு முன்னால் சாயும், கை அனிச்சையாகச் சுவரைத் தேடும். இருட்டில் செருப்பு காலிலிருந்து கழன்றதே தெரியாது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் முதலில் கெடுவது அதிர்வை உணரும் திறன்தான்.

ரத்தசோகையே இல்லாமலும் நரம்புப் பாதிப்பு வரும். ‘ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, பி12 குறைவாக இருக்காது’ என்பது தவறான தைரியம்.

என்னென்ன டெஸ்ட், எந்த வரிசையில்?

முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு பார்க்கும் பி12 அளவு வானத்தைத் தொடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆன்டிபாடி சோதனையையும் சமீபத்திய ஊசி குழப்பும். குறைந்தது ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். நரம்பு அறிகுறி கடுமையாக இருந்தால் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு அன்றே ஊசியைத் தொடங்கலாம். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்டில் சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 100க்கு மேல் போவது வழக்கமான தடயம். ரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரில், உட்கருவில் ஐந்துக்கு மேற்பட்ட மடல்கள் கொண்ட நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் தெரிவது அதைவிட நல்ல தடயம். இங்கே ஒரு பொறி உண்டு: இரும்புச்சத்து குறைவும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறும் அணுவைச் சிறிதாக்கும். இவற்றில் ஒன்று பி12 குறைவோடு சேர்ந்தால் எம்சிவி 88 என்று அழகாக நார்மலில் உட்கார்ந்திருக்கும். சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்டிடபிள்யூ உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சீரம் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200–300 இரண்டுங்கெட்டான். அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்க்கலாம். ஃபோலேட் (ஃபோலிக் அமில வைட்டமின்) குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். சிறுநீரகக் கோளாறில் இரண்டும் ஏறும். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே பிரிக்காவிட்டால் எண் பொய்யாக உயரும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் ஐஸ் பெட்டி கொண்டுவந்தாரா என்று கேளுங்கள்.

‘ஏன்’ என்பதற்கு இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி. பாசிட்டிவ் என்றால் பெர்னீஷியஸ் அனீமியா, அதாவது இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமல் வரும் பி12 குறைபாடு, என்று ஏறக்குறைய உறுதி. நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, நோய் உள்ளவர்களில் பாதிப் பேரிடம்தான் இது பாசிட்டிவாக வருகிறது. பரைட்டல் செல் ஆன்டிபாடி நேர்மாறு: பெரும்பாலோரிடம் இருக்கும், நோயில்லாதவர்களிடமும் இருக்கும்.

கோபால்ட் கதிரியக்க பி12ஐ விழுங்கவைத்துச் சிறுநீரைச் சேகரிக்கும் ஷில்லிங் டெஸ்ட் பழைய பாடநூல்களில் இருக்கும். இப்போது செய்வதில்லை.

பி12 ரிப்போர்ட் நார்மல். ஆனால் எல்லா அறிகுறியும் இருக்கிறது. எப்படி?

பல லேப் கருவிகள் பி12ஐ அளக்கும்போது பிடிகருவியாகப் பயன்படுத்துவது அதே இன்ட்ரின்சிக் ஃபேக்டர் புரதத்தைத்தான். உங்கள் ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடி நிறைய இருந்தால், கருவிக்குள் இருக்கும் புரதத்தையும் அது போய் அடைத்துக்கொள்ளும். கருவி குழம்பி, பி12 நிறைய இருப்பதாகக் கணக்கிடும். இதைச் சமாளிக்கும் முறைகள் கருவிகளில் உண்டு, சில நேரம் தோற்கும். நோய் இருப்பவருக்கே நார்மல் ரிப்போர்ட் வரும் விபரீதம் இது.

தலைமுடிக்காக அதிக அளவு பயோட்டின் எடுப்பவர்களுக்கும் சில கருவிகளில் இதேபோல் பொய்யாக உயரும். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். கல்லீரல் நோயிலும் பி12 அளவு உயர்ந்து காட்டும். எண்ணும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் ஆளை நம்ப வேண்டும்.

ஊசியா, மாத்திரையா?

1000 மைக்ரோகிராம் மாத்திரையில் 1 சதவீதம் கசிந்தாலும் 10 மைக்ரோகிராம். தேவையைப் போல நான்கு மடங்கு. அதனால் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் துளியும் இல்லாதவருக்குக்கூட, நாளுக்கு 1000 முதல் 2000 மைக்ரோகிராம் மாத்திரை வேலை செய்யும். ஸ்வீடனில் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் கொடுக்கிறார்கள். நிபந்தனை, ஒரு நாளும் தவறக் கூடாது. வெறும் வயிற்றில் போடுவது நல்லது. மல்டிவைட்டமினில் உள்ள 1 அல்லது 5 மைக்ரோகிராம் இவர்களுக்கு ஒன்றும் செய்யாது. 5இல் 1 சதவீதம் என்ன என்று போட்டுப் பாருங்கள்.

கடுமையான ரத்தசோகை, நரம்பு அறிகுறி, நினைவுக் குழப்பம், வயிற்றுப்போக்கு, வாந்தி, மாத்திரையை மறக்கும் பழக்கம் – இவற்றில் ஏதாவது இருந்தால் ஊசி. பிரிட்டனில் பின்பற்றும் முறை: ஹைட்ராக்ஸோகோபாலமின் என்ற பி12 வடிவம் 1000 மைக்ரோகிராம் தசையில், வாரம் மூன்று முறை, இரண்டு வாரம், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. நரம்பு பாதித்திருந்தால் முன்னேற்றம் நிற்கும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. சயனோகோபாலமின் என்ற இன்னொரு வடிவம் உடம்பில் குறைந்த நாளே தங்கும் என்பதால் மாதம் ஒன்று. உங்களுக்கான அட்டவணையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெத்தில்கோபாலமின்தான் உயர்ந்தது என்று விலை கூட விற்கிறார்களே?

எந்த வடிவில் கொடுத்தாலும் செல்லுக்குள் போனதும் உடம்பு அதைத் தனக்கு வேண்டிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். மெத்தில் வடிவம் மற்றதை வென்றது என்று சொல்லத் தெளிவான ஆதாரமில்லை. வெளிச்சத்திலும் சூட்டிலும் அது எளிதில் கெடும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான், வாங்குவதில் தவறில்லை. பட்டையின் பின்புறம் மட்டும் படியுங்கள். பி6 வைட்டமின் அதிக அளவில் கலந்திருந்து, அதை மாதக்கணக்கில் போட்டால், அந்த பி6 தானே பாதத்தை மரக்கவைக்கும். மரத்துப்போனதற்காகப் போடும் மாத்திரையால் மேலும் மரத்துப்போவது அபூர்வமல்ல.

இன்ட்ரின்சிக் ஃபேக்டரையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?

பன்றி இரைப்பையிலிருந்து எடுத்து ஒரு காலத்தில் கொடுத்தார்கள். சில காலம் வேலை செய்யும்; பிறகு நோயாளியின் உடம்பே அதற்கு எதிர்ப்பு உண்டாக்கிச் செயலிழக்கச் செய்துவிடும். பி12 மலிவாகக் கிடைத்த பிறகு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

நாலு ஊசியிலேயே தெம்பு வந்துவிட்டது. நிறுத்தலாமா?

சாப்பாட்டுக் குறைவால் வந்ததென்றால், கையிருப்பு நிரம்பி, சாப்பாட்டையும் திருத்திய பிறகு நிறுத்தலாம். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமல் வந்ததென்றால் ஒருபோதும் கூடாது. ஊசி இரைப்பையைச் சரிசெய்யவில்லை, அதைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான்.

ஏமாற்றுவது கல்லீரல் சேமிப்பு. நல்ல நிலையில் உடம்பில் 2 முதல் 5 மில்லிகிராம் பி12 இருக்கும்; நாளுக்குக் கரைவது சில மைக்ரோகிராம். இரைப்பையை முழுதாக எடுத்தவருக்குக்கூடக் குறைபாடு வெளித்தெரிய மூன்று முதல் ஐந்து வருடம் ஆவது இதனால்தான். பாதி நிரப்பிவிட்டு நிறுத்தினால் முதல் சில மாதம் எதுவும் ஆகாது, ‘ஊசி இல்லாமலே நன்றாக இருக்கிறேன்’ என்று தோன்றும். அடுத்த முறை முதலில் ரத்தம் குறையாமல் நரம்பே அடிபடலாம், அது முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

மருத்துவரை மாற்றினாலும், ஊர் மாறினாலும், முதல் ரிப்போர்ட்டையும் ஆன்டிபாடி ரிப்போர்ட்டையும் கோப்பில் வைத்திருங்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பார்க்கும் நார்மல் எண்ணைக் காட்டி ‘இனி வேண்டாம்’ என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்து, நேராகத்தான் நிற்கிறார், பிடி எதற்கு என்று எடுத்துவிடுவது மாதிரி.

முதல் சில வாரம் என்ன எதிர்பார்க்கலாம்?

மூன்று நான்கு நாளில் இளம் சிவப்பணுக்கள் ஏறத் தொடங்கி, ஒரு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஹீமோகுளோபின் வாரத்துக்கு சுமார் 1 கிராம் ஏறி, இரண்டு மாதத்தில் சரியாகும். நடுவில் ஏற்றம் நின்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள். புதிய ரத்தம் வேகமாக உருவாகும்போது இருந்த இரும்பும் தீர்ந்துபோகும். கடும் ரத்தசோகையில் முதல் சில நாள் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும் அபாயம் உண்டு. இதய நோயாளிகளையும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களையும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். நரம்புக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆரம்பத்தில் எரிச்சல் கொஞ்சம் கூடினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தசோகைக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். அது போதுமா?

பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் போடுவது ஆபத்து. ரத்தம் ஏறும், முகம் தெளியும். தண்டுவடச் சேதம் உள்ளுக்குள் தொடரும். 1930ஐ ஒட்டிய வருடங்களில் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளுக்கு வந்த பெரிய அணு ரத்தசோகையை ஈஸ்ட் சாற்றால் குணப்படுத்தினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. ஸ்மியரில் இரண்டு குறைவும் ஒன்றுபோலவே தெரியும், பிரித்துக் காட்டுவது ரத்த அளவுதான்.

பெர்னீஷியஸ் அனீமியா என்று உறுதியானால் எண்டோஸ்கோபி வேண்டுமா?

ஒரு முறையாவது செய்துகொள்வது நல்லது. மெலிந்த இரைப்பைச் சுவரில் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து சிறு கட்டிகள் (நியூரோஎண்டோகிரைன் கட்டிகள்) வரலாம். இரைப்பைப் புற்றுநோய் அபாயமும் மற்றவர்களைவிடக் கூடுதல். அடுத்து எப்போது என்பதை பயாப்ஸி முடிவு சொல்லும். தைராய்டு டெஸ்டையும் கூடவே எடுங்கள்.

குழந்தைகளுக்கு வருமா?

பிறவியிலேயே இன்ட்ரின்சிக் ஃபேக்டர் மரபணு கெட்டிருப்பதும், இலியத்து ஏற்பி கெட்டிருப்பதும் உண்டு. இரண்டும் மிக அரிது. நம் நாட்டில் அதிகம் காண்பது வேறு: பி12 குறைந்த தாயின் பாலை மட்டும் குடிக்கும் கைக்குழந்தை. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை நிறுத்தும், நின்ற தலை மறுபடி தொங்கும், கை நடுங்கும், விரல் முட்டிகள் கறுக்கும், முடி செம்பட்டையாகும். வேலூர் மருத்துவர்கள் 1962இல் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ‘கொழுகொழுவென்றுதானே இருக்கிறான்’ என்று பாட்டி சொல்வார், இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் மெலிந்திருப்பதில்லை. குழந்தையோடு தாய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

வேலையில் கவனம் சிதறுகிறது, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். இது பி12 குறைவாலா?

இருக்கலாம். சோர்வு, மறதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் பி12 குறைவில் வரும். தூக்கமின்மையிலும், தைராய்டிலும், மோசமான மேலாளரிடமும் வரும். அதனால் ஊகிக்காதீர்கள், ஒரு ரத்தப் பரிசோதனை போதும். விரல் முட்டி கறுப்பு, பாதம் மதமதப்பு, நாக்கு எரிச்சல் இவற்றில் ஒன்றாவது கூட இருந்தால் சந்தேகம் வலுக்கும். கணக்கில் பிழையே விடாதவர் ஒரே பில்லை இரண்டு முறை பதிவது, நாள் முழுக்க நின்று விற்பவர் மாலையில் தடுமாறுவது ஆகியவற்றைச் சோம்பல் கணக்கில் எழுதுவதற்கு முன் இதைப் பார்க்கலாம். ஓட்டுநர்கள் தள்ளிப்போடவே கூடாது. பிரேக்கில் பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாமல் போவது இந்த நோயின் தன்மை.

மேலாண்மை வகுப்பில் சொல்லும் ‘இன்ட்ரின்சிக்’கும் இதுவும் ஒன்றா?

சொல் மட்டுமே ஒன்று. அங்கே அது கூலிக்காக அல்லாமல் வேலையின் சுவைக்காகவே செய்யும் உந்துதல். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிருக்குக் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தியதும் மாணவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. அந்த உந்துதல் வற்றியது போலத் தோன்றும் ஊழியரிடம் உண்மையில் வற்றியது பி12ஆக இருக்கக்கூடும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள ஒரே தொடர்பு.

அறுவை சிகிச்சைக்கு முன் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். மயக்க மருந்தோடும் சில பல் வைத்தியங்களிலும் பயன்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு, உடம்பில் உள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும். கையிருப்பு உள்ளவர் தாங்கிக்கொள்வார். ஏற்கெனவே குறைந்தவருக்குச் சில நாட்களில், சில வாரங்களில் கால் தளர்ந்துபோன நிகழ்வுகள் உண்டு. ‘பி12 குறைவு, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று மயக்க மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்வார்.

ஊசி மருந்து ஏன் ரத்தச் சிவப்பாக இருக்கிறது?

பி12 மூலக்கூறின் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. அதைச் சூழ்ந்த வளையத்தோடு சேர்ந்து அது தரும் நிறம் அது. வெளிச்சம் பட்டால் மருந்து கெடும். பழுப்புக் கண்ணாடியில் அடைப்பது அதற்காக. வீட்டில் வைத்திருந்தால் அட்டைப் பெட்டியிலிருந்து ஆம்பூலை வெளியே எடுத்து ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.